தும்மலுக்கு ஒரு வார்த்தை

"குணவதி வாறாள். பிள்ளையை உள்ள கொண்டு போ!"

மாமியார் சீலாவதி சொல்லி வாய் மூடுவதற்குள் குணவதி வாசலில் நின்றாள், கையில் ஒரு பேபி சோப்போடு.

இனோகா தன் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். குறைமாதப் பிள்ளை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டுக் குணவதிக்கோ வாய்விஷம் என்று ஊரே சொல்லும். 'என்ன காய்ப்பு!' என்று அவள் வியந்த ரம்புட்டான் மரம் அடுத்த கிழமையே பட்டுப்போனதாம். இப்போது பிள்ளையைப் பார்த்து 'என்ன அழகு' என்று ஒரு வார்த்தை விட்டாளென்றால்?

பிள்ளை பார்க்க வந்த சனமெல்லாம் 'ஆயுபோவன்' என்று கைகூப்பிவிட்டுத்தான் உட்கார்ந்தது. குணவதி வாய் திறக்காமல் கைகூப்பியதோடு சரி.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தும்மியது.

"ஆயுபோவன்!" என்றது வீடே. ஆயுள் நீளட்டும். வணக்கத்துக்கும் அந்த வார்த்தைதான், தும்மலுக்கும் அதுதான்.

குணவதி மட்டும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா? பச்சப்பிள்ளைக்கு ஆயுசு கேக்கவும் மனசில்ல" என்றாள் சீலாவதி, அவள் காதில் விழும்படியே. "மரத்தைக் கண்டா மட்டும் வாய் நீளும்!"

யாரோ சிரித்தார்கள். குணவதி எழுந்து நடையைக் கட்டினாள்.

இனோகாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலிவரை துரத்திப் போனாள்.

"குணவதியக்கா! எங்களோட அப்பிடி என்ன கோபம்? என்ர பிள்ளைக்கு ஒரு ஆயுபோவன் சொன்னா குறைஞ்சா போவீங்க?"

குணவதி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"மகள், அந்த மரம் வேரழுகிச் செத்தது. எனக்கு வாய்விஷமெண்டுறது சுத்தப் பொய்."

"பிறகென்ன?"

"பொய்தான். ஆனா தப்பித்தவறி உண்மையா இருந்தா? உன்ர பிள்ளைய வச்சு அதைச் சோதிச்சுப் பாக்க எனக்கு மனசு வரேல்ல."

எத்தனையோ நாளுக்குப் பிறகு இனோகாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. வேலிக்கு மேலால் பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள்.

"எனக்குப் பயமில்ல அக்கா. சத்தமாவே சொல்லுங்கோ!"