ஒன்பதால் வகுபடும் எண்

"பாக்கெட்டைப் பார்க்காம யாராவது சட்டையை மெஷின்ல போடுவாங்களா?" அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தம்பி ஈரக் காகிதத்தை மேசையில் விரித்து, இஸ்திரிப் பெட்டியால் மெல்ல ஒற்றினான். லிஃப்ட் பழுது பார்த்துத் தடித்துப்போன விரல்கள் அதன் ஓரங்களைக் கிழியாமல் பிடித்திருந்தன. பத்து இலக்கப் போன் நம்பரில் ஒன்பது தப்பித்திருந்தன. ஏழாவது இடத்தில் நீலக் கறைதான் மிச்சம்.

"கணக்கு டீச்சர்னு மட்டும்தான் தெரியும். ரயில்ல ரெண்டு மணி நேரம் எதிர் சீட்டு. பேரைக்கூடக் கேட்டு வைக்கல" என்று முனகினான்.

"அம்மா போய் நாலு வருஷம் கழிச்சு இப்பதான்டா இந்த வீட்டுல ஒரு பாட்டுச் சத்தம் கேட்குது. அதுலயும் மண்ணைப் போட்டுட்டியே! ஆமா, நம்பருக்குக் கீழே என்னமோ எழுதியிருக்கே?"

தம்பி காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் படித்தான். "'ஒரே எண்ணாக வாசித்தால் எண்ணூற்றுச் சொச்சம் கோடி. ஒன்பதால் வகுத்தால் மீதியே வராது. அதனால்தான் எனக்கு இந்த நம்பர் ரொம்பப் பிடிக்கும்.' கொஞ்சம் கிறுக்கு போலிருக்கு."

அக்காவின் முகம் மலர்ந்தது. "கிறுக்கு இல்லடா, கெட்டிக்காரி! ஒன்பதால வகுபடுற எண்ணோட இலக்கங்களைக் கூட்டினா, அந்தத் தொகையும் ஒன்பதால வகுபடும். இருக்கிறதைக் கூட்டு."

இரண்டு முறை கூட்டிப் பார்த்தான். "முப்பத்தாறு."

"அதுவே வகுபடுதே! அப்ப கறை பூஜ்யம்தான்."

"ஒன்பதா இருந்தா நாற்பத்தஞ்சு வரும். அதுவும் வகுபடுமே?"

அக்கா போனை எடுத்து அவன் கையில் திணித்தாள். "சரி, ரெண்டுல ஒண்ணு. போடு!"

பூஜ்யம் வைத்துப் போட்டான்.

"சைக்கிள் ரெடி. எப்ப வந்து எடுத்துக்கிறீங்க?" என்றது ஒரு முரட்டுக் குரல். மன்னிப்புக் கேட்டு வைத்தான்.

அடுத்து ஒன்பது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ?" பெண் குரல்.

"வணக்கம் டீச்சர்... ஒன்பதால வகுத்தா மீதி வராத நம்பர் இதுதானே?"

மறுமுனையில் கலகலவென்று சிரிப்பு. "மூணு நாளாச்சு! தொலைச்சிட்டீங்கன்னே நினைச்சேன். ஆமா, குரல் ஏன் இப்படி மாறிப்போச்சு?"

தம்பி போனைப் பொத்திக்கொண்டு, அடுத்த அறைக் கதவைப் படபடவென்று தட்டினான்.

"அப்பா! உங்க டீச்சர் லைன்ல இருக்காங்க. தலையை அப்புறம் சீவிக்கலாம், ஓடி வாங்க!"