சரிபாதி

"ஒரே ஒரு டிக்கெட் போதும்," என்றார் சர்வேயர், பஸ் நிலையக் கண்ணாடித் துளைக்குள் குனிந்து. "நாளைக் காலைல ஆறு மணி வண்டி. ஜன்னல் ஓரமா குடுங்க, என் சரிபாதிக்கு."

"பேர் ஏதும் எழுதறதில்ல சார்," என்றார் டிக்கெட்காரர். "யார் கையில இருக்கோ அவங்க ஏறிக்கலாம். தொலைச்சிடாதீங்க."

சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார். கணவனும் மனைவியுமாக மலைப்பாதையில் முப்பது நாள் நடந்து, இன்றுதான் முதல் ஓய்வு. நேற்று மதியம் வரைபடத்தை விரித்து, கைத்தடியால் தரையில் ஒரு குத்துக் குத்தி, "இதுதான் சரிபாதி, இன்னும் முப்பது நாள்" என்று அறிவித்திருந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகியும் அளக்கிற புத்தி போகவில்லை.

மீதியைத் தனியாக நடப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டார். மனைவி தினமும் அரைமணி நேரம் பின்தங்கி வந்தாள். கூடாரம், அடுப்பு, பாத்திரம் எல்லாம் அவள் முதுகில்தான் இருந்தன. அவருக்குத்தான் இடுப்பு வலியாயிற்றே!

அடுத்தது மளிகைக் கடை. வழியில் கொறிக்க பிஸ்கட் கேட்டார். கடைக்காரர் நீட்டிய பாக்கெட்டின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"வேர்க்கடலை கலக்கலையே? ஒரு பருப்பு உள்ள போனாலும் எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். நேரா ஆஸ்பத்திரிதான். இருபத்தெட்டு வருஷமா எங்க வீட்டுக்குள்ள வேர்க்கடலையே வந்ததில்ல."

"வீட்ல அம்மாவுக்கும் பிடிக்காதா சார்?"

சர்வேயர் யோசித்தார். "கேட்டதில்லையே."

"வேற என்ன வேணும்? இதுக்கு மேல காடுதான். கடை கண்ணியெல்லாம் கிடையாது."

"எங்களுக்கென்ன கவலை, பார்சல் இருக்கு," என்றார் பெருமையாக.

கிளம்பும் முன்பே வீட்டில் ஆறு பார்சல் சாப்பாடு கட்டி, வழியில் தங்கும் இடங்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பியிருந்தாள் மனைவி. ஒன்று பத்து நாளுக்கு வரும். மூன்று தீர்ந்துவிட்டது. நான்காவது இந்த ஊர்த் தபால் நிலையத்தில். மற்ற இரண்டும் காட்டு விடுதிகளில். எதில் என்ன இருக்கிறதென்று அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சமையல் சமாச்சாரமெல்லாம் அவருக்கு எதற்கு?

தபால் நிலையத்தில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். முந்தைய பார்சலை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. இதை அக்குளில் இடுக்கிக்கொண்டே வர முடிந்தது.

விடுதி அறையில், துவைத்த துணியெல்லாம் ஜன்னல் கம்பியில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி தரையில் உட்கார்ந்து தன் பூட்ஸுக்குப் புதுக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள். டிக்கெட்டை அவள் பக்கத்தில் வைத்தார்.

"நாளைக் காலைல ஆறு மணிக்கு வண்டி. நீ வீட்டுக்குப் போயிடு. வருத்தப்படாத. உனக்கு எதையும் பாதிக்கு மேல முடிக்க வராது, அது உன் சுபாவம். காலேஜும் பாதி, வேலையும் பாதி, கார் ஓட்டப் போனதும் பாதி."

காலேஜை நிறுத்தச் சொன்னது அவர்தான். வேலையை விடச் சொன்னதும் அவர்தான். கார் விஷயத்தில் மட்டும் சொல்லவில்லை. சாவியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

அவள் அழவில்லை. "பார்சலைப் பிரிங்க," என்றாள்.

கத்தியால் கயிற்றை அறுத்துத் திறந்தார். பாக்கெட்டுகளை எண்ணிப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அட! இது ஒரு ஆளுக்குத்தான வரும்! பாதியில நின்னுடுவோம்னு வீட்லயே தெரிஞ்சிருக்கு உனக்கு! இதைச் சொல்ல நான் நேத்துலேருந்து தவிச்சுக்கிட்டிருந்தேன்."

"ஆமாங்க. சரிபாதி வரைக்கும்தான் ரெண்டு பேருன்னு வீட்லயே முடிவு பண்ணிட்டேன்."

"கெட்டிக்காரி!" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து, வழக்கம்போல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் கையால் எழுதி ஒட்டியிருந்ததைப் படித்தார். வறுத்த வேர்க்கடலை.

அடுத்ததை எடுத்தார். வேர்க்கடலைப் பொடி. அதற்கடுத்தது வேர்க்கடலை பிஸ்கட். பாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டு, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

"மத்த ரெண்டு பார்சல்லயும்..?" துண்டுக்குள்ளிருந்து குரல் கம்மலாக வந்தது.

"இதேதாங்க. சின்ன வயசுல எனக்கு உயிரு. நீங்கதான் கேட்டதே இல்லையே."

சர்வேயர் மனதுக்குள் அளந்து பார்த்தார். முப்பது நாள் காடு. முப்பது நாள் சாப்பாட்டையும் இங்கேயே வாங்கி முதுகில் தூக்க வேண்டும். அவருடைய இடுப்பு ஒரு வாரத்துக்கே தாங்காது.

"அப்ப நான் என்ன பண்றது?"

அவள் கடைசி முடிச்சை இழுத்துக் கட்டி எழுந்தாள். டிக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, அவர் சட்டைப் பையிலேயே செருகினாள்.

"இதுல யார் பேரும் எழுதலையேங்க."