உறுதிமொழிப் படிவம்

“கையெழுத்துப் போடப் போறீங்களா, மாட்டீங்களா?” மனைவி கேட்டாள்.

“போட மாட்டேன்” என்றார் அவர்.

மகள் இனி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொள்ள மாட்டாள் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியிலிருந்து நேற்றே போனில் படிவம் வந்துவிட்டது. இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

“கூடப் படிக்கிற ரெண்டு பேரைக் காலேஜ்லேருந்து அநியாயமா நீக்கினாங்க. இவ வகுப்புக்குப் போகாம உட்கார்ந்தா. அதுல என்ன தப்பு?”

“தப்புன்னு நான் சொன்னேனா? பரீட்சை எழுத வேண்டாமான்னுதான் கேட்டேன்.”

அவர் கணினிப் பக்கம் திரும்பினார். திரையில் ஓர் இந்திப் படம் பாதியில் நின்றிருந்தது. கல்லூரிக் கலவரத்தைப் பற்றிய கலைப்படம். அதற்குத் தமிழில் சப்டைட்டில் எழுதுவது அவர் வேலை. விருதுப் படம் என்பதால் யாரும் அதிகம் பேசுவதில்லை. நாலு நிமிடம் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றும். ஆனால் அதில் ஓர் அப்பா வருகிறார். இதேபோல ஒரு படிவத்தைக் கல்லூரி முதல்வர் கண்ணெதிரே நாலாகக் கிழிக்கிறார். ஒரு வாரமாக வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்த அப்பா புராணம்தான்.

“அந்த ஆளுக்கென்ன, படம் முடிஞ்சா வீட்டுக்குப் போயிடுவான்” என்றாள் மனைவி.

அவர் சட்டையை மாட்டினார். மறுத்து ஒரு பக்கக் கடிதம் எழுதித் தோள்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் அவருக்கே புல்லரித்தது.

கல்லூரி அலுவலகத்தில் கிளார்க் கோப்பைப் புரட்டினார்.

“உங்க பொண்ணோடது காலையிலேயே வந்தாச்சே சார். இதோ, கையெழுத்து.”

அவருடைய கையெழுத்தேதான். அவர் போடுவதைவிட அழகாக இருந்தது.

“உங்களுதுதானே?” கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

இல்லை என்றால் மகள் மாட்டிக்கொள்வாள்.

“என்னுதுதான்.”

வெளியே, தோழிகள் முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் மட்டும் தள்ளி, மாடிப்படியில் தனியாக இருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“திட்டாதீங்கப்பா. நீங்க லேசுல வளையற ஆளில்ல. எனக்கு ஒரு வருஷம் போயிடும். அப்புறம் உங்களாலதான் போச்சுன்னு காலம் பூரா மருகுவீங்க. அதான் நானே போட்டுட்டேன். நான்தாம்பா பயந்துட்டேன்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பரவால்லம்மா. மனஉறுதி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏதோ கடிதம் எழுதிட்டு வர்றீங்கன்னு அம்மா போன்ல சொன்னாங்க. குடுங்கப்பா, அங்க உட்கார்ந்திருக்கறவங்களுக்குப் படிச்சுக் காட்டறேன். எங்க வீட்டுல ஒருத்தராவது பயப்படலன்னு தெரியட்டும்.”

பைக்குள் கையை விட வந்தாள்.

அவர் சட்டென்று பையை மார்போடு இறுக்கிக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாப் கடையில் பிரிண்ட் எடுத்து, அங்கேயே நின்று கையெழுத்தும் போட்ட படிவம், அந்தக் கடிதத்தின் மடிப்புக்குள்தான் இருந்தது.