பழைய ஃபோல்டர்

"இன்னிக்கு உனக்குக் கடைசி நாள். போறதுக்கு முன்னாடி உன் பழைய ஃபோல்டரை அழிச்சிட்டுப் போ. குப்பை!" என்றார் மேலாளர்.

வேன்களுக்கு வழி காட்டும் நிரலை முதலில் எழுதியவள் நான். அதை நத்தை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, இரண்டு வருடம் முன்பு அதே பெயரில், தன் ஃபோல்டரில், அவரே ஒன்று எழுதினார். வேகம் இரட்டிப்பானது. அதே வாரம் புதிய சர்வர்கள் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவருக்குப் பதவி உயர்வு, விருது, மேசைமேல் கண்ணாடிக் கோப்பை.

"சார், நாம எழுதறதைப் படிச்சு மெஷினுக்குப் புரியவைக்கற கம்பைலர் எந்த ஃபோல்டர்ல முதல்ல தேடுதுன்னு..."

"எனக்கே பாடம் எடுக்கறியா? ஒரே பேர்ல ரெண்டு ஃபைல் இருந்தா முதல்ல கிடைக்கறதை எடுத்துக்கும், அடுத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அரிச்சுவடி! அழி."

"மெயில்ல எழுதிக் குடுத்திடுங்க."

மூன்று ஆச்சரியக்குறிகளுடன் எழுதினார். அழித்தேன்.

"இப்ப மொத்தத்தையும் கம்பைல் பண்ணு. வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தாச்சு."

பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு. நூற்றுப் பதினான்கு பிழைகள்.

"நேத்துவரைக்கும் ஓடிச்சே! என் ஃபைலை என்ன பண்ணித் தொலைச்சே?"

"நான் தொடவே இல்ல சார். ரெண்டு வருஷமா கம்பைலரும் தொடல. தேடற வரிசையில என் ஃபோல்டர்தான் முதல்ல இருந்துச்சு."

கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

"உங்களோடதை இன்னிக்குத்தான் முதல்தடவையா படிக்குது. மூணாவது வரியிலேயே மூச்சு முட்டிடுச்சு."