கருகல் வெல்லக் கூட்டணி

கஞ்சிக்கோட்டிலிருந்து மறையூரில் வந்து இறங்கியபோது மோகனசுந்தரத்திடம் இருந்தவை ஒரு லேப்டாப் பை, ஒரு கறுப்புக் கோட்டு, இரண்டு லட்சம் ஃபாலோயர்கள். பைக்குள் லேப்டாப் கிடையாது. ஃபாலோயர்கள் மொத்தமாக விலைக்கு வாங்கியவர்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

அவன் தொழில் சுலபமானது. சின்ன முதலாளிகளாகப் பார்த்து, ‘உங்கள் சரக்கு, என் ஆன்லைன் மார்க்கெட்டிங், லாபம் பாதிக்குப் பாதி’ என்று ஜாயிண்ட் வென்ச்சர் ஒப்பந்தம் போடுவான். வெப்சைட் கட்டணம் என்று ஒரு தொகை வாங்குவான். மறுநாள் சிம் கார்டை மாற்றிவிடுவான். கடைசியாக ஏமாந்தவர் மீனாட்சிபுரத்துப் பால்காரர். இந்த முறை வெல்லம்.

ஊரைத் தாண்டி, கரும்புத் தோட்டத்தின் கடைசியில் தனியாக ஒரு வெல்ல ஆலை தெரிந்தது. ஓலைக் கொட்டகை, உள்ளே பெரிய கொப்பரை, வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெயர் வேலுத்தாய் என்றாள்.

“ஏனுங்கக்கா, ஆலை உங்களுதுங்களா?”

“வாசல்ல நிக்கிறவளப் பாத்தா எப்படித் தெரியுது?” என்றாள்.

மோகனசுந்தரம் உட்கார்ந்து விளக்க ஆரம்பித்தான்.

“ஜாயிண்ட் வென்ச்சர்னா பார்ட்னர்ஷிப்தானேண்ணே?”

“இல்லீங்கக்கா. பார்ட்னர்ஷிப்புன்னா கல்யாணமுங்க, காலத்துக்கும் இருக்கோணும். இது ஒரே ஒரு காரியத்துக்குச் சேர்றதுங்க. உங்ககிட்ட ஆலை இருக்குது, வாங்கற கூட்டம் இல்லீங்க. எங்கிட்ட கூட்டம் இருக்குது, ஆலை இல்லீங்க. ரெண்டையும் சேத்தா யாவாரமுங்க.”

“ரெண்டு பேருகிட்டயும் இல்லாதத யாரு கொண்டாரது?”

மோகனசுந்தரம் சிரித்துச் சமாளித்தான்.

“சரிண்ணே, கையெழுத்துப் போடுறேன். ஆனா கட்டணம், மொத ஆர்டர் வந்த பொறகுதான்.”

வேறு வழியில்லை. ஒரே ஓர் ஆர்டருக்காகவாவது ஒரு வீடியோ எடுத்தாக வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துக் கரும்பை வரவழைத்து, மறுநாள் காலையில் வேலுத்தாய் சாறு காய்ச்சினாள். அவன் செல்போனில் படம் பிடித்தான். பாகு பொங்கியது, வழிந்தது, அடிபிடித்துக் கருகியது. கொட்டகை முழுக்கப் புகை. கடைசியில் தேறிய உருண்டைகள் ரோடு போடுகிறவர்கள் விட்டுச் சென்ற தார் மாதிரி இருந்தன.

“இன்னிக்கு அடுப்பு சரியில்லண்ணே” என்றாள் இருமிக்கொண்டே.

வீடியோவை அழிக்கப் போனவன் ஒரு கணம் யோசித்து, தலைப்பு ஒன்றைத் தட்டினான். ‘முந்நூறு ஆண்டு ரகசியம்! புகையில் பழுத்த மறையூர்க் கருவெல்லம்!’

மூன்றே நாளில் கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ஆர்டர்கள் குவிந்தன. கூரியர் வண்டி தினமும் தோட்டத்துக்குள் வந்து திரும்பியது. இரண்டாவது வாரம் அடுப்பு எப்படியோ சரியாகி, வெல்லம் பொன் நிறத்தில் வந்துவிட்டது. அனுப்பியதெல்லாம் திரும்பி வந்தது. ‘ஏமாற்றாதீர்கள், ஒரிஜினல் அனுப்புங்கள்’ என்று வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள்.

அதன்பிறகு கருகவைப்பது பெரிய வேலையாகிவிட்டது. மோகனசுந்தரம் கோட்டைக் கழற்றிப்போட்டு, கையில் செல்போன் கடிகாரத்தோடு கொப்பரை ஓரமாக நின்றான். “இன்னும் நாலு நிமிசமுங்கக்கா... இப்ப எறக்குங்க!” சக்கையைப் பொறுக்கி அடுப்பில் தள்ளினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சட்டையில் வியர்வை உப்புப் பூத்தது.

முதல் ஆர்டர் வந்த அன்றே வேலுத்தாய் சொன்ன சொல் மாறாமல் கட்டணத்தை நீட்டியிருந்தாள். “அப்பறம் வாங்கிக்கறனுங்க” என்று சொன்னவன், அதன்பிறகு ஒவ்வொரு முறையும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பணத்தை வாங்க அவனால் முடியவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்.

“அக்கா, நான் ஃபிராடுங்க. உங்ககிட்ட பணத்த வாங்கிட்டு ஓடிப்போறதுக்குத்தான் வந்தனுங்க. அந்த ரெண்டு லட்சம் பேரும் பொய்யுங்க. போலீசுக்குப் போறதுன்னாலும் போங்க.”

வேலுத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கொப்பரை ஓரமாக வைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மனசத் தொட்டு உண்மையச் சொல்லிட்டீங்க. விடுங்கண்ணே. ஆனா இனிமே இந்த ஆலைக்குள்ள பொய்க்கு எடம் கெடையாது. அம்புட்டுத்தான்.”

மோகனசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இப்படி ஒரு நேர்மையான மனுஷியை அவன் பார்த்ததே இல்லை. நாளைக்கே மீனாட்சிபுரம் போய்ப் பால்காரரின் காலில் விழுவது என்று முடிவு செய்தான்.

அப்போது வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் இறங்கினார். வீடியோ பார்த்துவிட்டு ஆலையைப் பார்க்க ஆட்கள் வருவது இப்போதெல்லாம் வழக்கம்தான். பெரியவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றினார். தூணைத் தடவினார். கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தார். கொடுத்த வெல்லத்தை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினார்.

“வீடியோ பாத்துட்டு வந்தீங்களாங்கய்யா?”

“ஆமா தம்பி. திருப்பூர்ல மகன் வீட்டுல இருக்கேன். பேத்தி காட்டுனா. நாலு தடவ போட்டுப் பாத்தேன். ஒடனே வண்டியேறிட்டேன்.”

மோகனசுந்தரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “அதுதானுங்க ஆன்லைன் மார்க்கெட்டிங்! எந்த மூலையில இருக்கறவங்களையும் இங்க கொண்டாந்து நிறுத்திருமுங்க. ஐயாவுக்கு எத்தன கிலோ போடட்டுங்க?”

பெரியவர் இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து எதிரே வைத்தார். அதைப் பார்த்ததும் வேலுத்தாய் செருப்பைத் தேடினாள்.

“கிலோ கெடக்கட்டும் தம்பி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நான் பூட்டிட்டுப் போன என் ஆலைய நீங்க ரெண்டு பேரும் எப்படித் தொறந்தீங்க, அத மட்டும் சொல்லுங்க.”