வட்டில் கழுவிய திருடன்

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தையல்காரரிடம் ரவிக்கை வாங்கத்தான் கோபி டவுனுக்கு வந்தாள். தையல் கடைக்கு எதிரே நூலகம். மாடியில் சென்னியப்பன் வாசகர் வட்டம். வந்த காலோடு ஏறிவிட்டாள், அவ்வளவுதான். அண்ணனைப் பார்க்க வந்தாள் என்று யாராவது சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவாள்.

மேடையில் அண்ணன் சென்னியப்பன். நகைச்சுவைக் கட்டுரை எழுதியே தலை நரைத்தவர். இன்றைக்கு அவரே வாசிக்கிறார்.

அந்த வட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கும்போது சிரித்தவர் எழுந்து சுவரோரம் போய் நிற்க வேண்டும். கடைசிவரை நாற்காலியில் இருப்பவருக்கு ஜாங்கிரிப் பொட்டலம். இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. எல்லோரும் சுவரோரம் நின்று பங்கிட்டுத் தின்றுவிட்டுப் போவார்கள்.

வாசித்தது 'வட்டில் கழுவிய திருடன்'.

வேறெதுவும் கிடைக்கவில்லையா, பாவி மனுஷனுக்கு?

"கரண்ட் போயிற்று" என்று முதல் வரியைத்தான் வாசித்தார். விதைக் கடைக்காரர் குபீரென்று சிரித்துவிட்டு சுவருக்குப் போனார். இன்னும் நகைச்சுவையே வரவில்லை. வரப்போவது தெரியுமே!

இருட்டில் வீட்டுக்குள் ஆள் வருகிறது. தங்கை துளசிமணி அது திருடன் என்று அறியாமல், கடைசி பஸ்ஸில் சின்ன மாமா வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறாள். உட்கார வைத்து, ஆறிப்போன அரிசிம்பருப்புச் சோற்றைப் போட்டு, ஏன் இத்தனை நேரம் என்று திட்டி, தின்ற வட்டிலைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாள்.

விடிந்து பார்த்தால் வட்டில் பளபளவென்று இருக்கிறது. அப்போதுதான் தெரிகிறது, வந்தவர் மாமா இல்லை. மாமா ஜென்மத்தில் வட்டில் கழுவியவர் இல்லை.

கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவும் அங்கே விழுந்தாள். நாற்காலிகள் காலியாயின.

அவள் அசையவில்லை.

அத்தனையும் நடந்ததுதான். ஆனால் சோறு போட்டது, திட்டியது, கழுவச் சொன்னது எல்லாம் அண்ணன். அவள் கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். வந்தவன் திருடன் என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

புத்தகத்தில் ஆளை மாற்றிவிட்டார்.

புகுந்த வீட்டில் மானம் போயிற்று. பந்தி முடிந்தால் போதும், "ஏனுங்க துளசி, வட்டலை நாங்களே கழுவிரட்டுங்களா?" என்று ஒரு நாத்தனார் ஆரம்பிப்பாள். கூடம் முழுக்கச் சிரிக்கும்.

அன்றைக்கு விட்டதுதான் அண்ணனோடு பேச்சு. விசேஷங்களில் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால் இவள் கடைசிப் பந்தி. சபையில் ஒரு தரம் சோறு போட்டது நான்தான் என்று அவர் சொல்லட்டும், பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அண்ணன் தலை நிமிர்ந்தார். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஆள்.

கண்ணாடியை மேலே ஏற்றிப் பார்த்தார்.

புத்தகத்தை மூடினார்.

"ஒண்ணு சொல்லோணுங்க. அது துளசி இல்லீங்க. நாந்தான். அவ கட்டலுக்கு அடியில இருந்தா. ஆளை மாத்தி எழுதிப்போட்டேன்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்காகத்தானே இத்தனை வருஷம்!

சுவரோரம் விதைக் கடைக்காரர் கையைத் தூக்கினார். "ஏனுங்கய்யா, புத்தகத்துல அப்படி இல்லீங்களே?"

"எழுதுனது நானுங்களே..."

"இருக்கட்டுங்க. அதுக்காக அந்த அக்காவ நாங்க விட்டுக்குடுக்க முடியுங்களா?"

டீச்சரம்மாவுக்கு முகமே சிவந்துவிட்டது. "எம் பொண்ணுக்கு அவங்க பேர்தானுங்க வெச்சிருக்கறேன். திருடனையே வட்டில் கழுவ வெச்ச பொம்பளைங்க அவங்க! கட்டலுக்கு அடியில கெடந்தாங்கன்னு சொல்றீங்களே, உங்களுக்கு வாய் கூசலீங்களா?"

ஆமாமா, ஆமாமா என்றது சுவர்.

அண்ணன் திருதிருவென்று விழித்தார்.

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இவர்கள் அவளைப் பார்த்தா சிரித்தார்கள்? அவளுக்காகச் சண்டைக்கல்லவா நிற்கிறார்கள்!

முந்தானையை இறக்கிவிட்டாள்.

"பெரியவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சுங்க. நாந்தான் துளசி. புத்தகத்துல இருக்கறதுதான் நெசம்."

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வட்டில் மட்டுமில்லீங்க. சோத்துக் குண்டானையுங்கூடக் கழுவ வெச்சேன். அதை எழுதாம உட்டுப்போட்டாரு."

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. அப்புறம் அண்ணனால் முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அவர் சிரித்து அந்த வட்டத்தில் யாரும் பார்த்ததில்லை.

வழக்கம் வழக்கம்தான்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். விதைக் கடைக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

பொட்டலம் அவள் மடிக்கு வந்தது.

நூலைப் பிரித்தாள். ஒரு ஜாங்கிரியை எடுத்துப் பிட்டாள். நிமிர்ந்து பார்க்காமலே சுவர்ப் பக்கம் கையை நீட்டினாள்.

"பாதி போதுங்ணா. உங்களுக்குச் சர்க்கரை இருக்குதல்ல?"