நீல மை இதயம்

பில்லின் அடியில் நீல மையில் ஓர் இதயம் கீறியிருந்தது. பக்கத்தில் ஆங்கிலத்தில், ‘நன்றி, டெபி’.

திரேசா அடுத்த பில்லைப் புரட்டினாள். அதிலும் இதயம், அதிலும் டெபி. கொம்பனி வேலையாக அமெரிக்கா போய் வந்த கணவன் கோணேசன் எட்டு நாளில் ஆறு இரவு ஒரே கடையில்தான் சாப்பிட்டிருக்கிறான்.

இவனுக்காகத்தான் அவள் வீட்டை எதிர்த்து நின்றாள். சைவக்காரனையா கட்டுகிறாய் என்று கேட்ட அண்ணன் பீற்றர் கலியாணத்துக்கே வரவில்லை. பதினொரு வருடமாகப் பேச்சில்லை. எந்த நாட்டில் இருக்கிறார் என்றும் தெரியாது.

அன்று வெள்ளிக்கிழமை; அடுப்பில் இரண்டு சட்டிகள் கொதித்தன. ஒன்றில் அவளுக்கு மீன், மற்றதில் அவனுக்குக் கத்தரிக்காய். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிகளில் அவள் இறைச்சி தொடமாட்டாள், மீன் மட்டும்தான். அவனுக்கோ எந்த வெள்ளியும் மரக்கறிதான்.

“அமெரிக்கச் சாப்பாடு எப்பிடி?” என்று சட்டியைக் கிளறியபடி கேட்டாள்.

மேசையில் பில்களைக் கொம்பனிக்குப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தவன் உற்சாகமானான். “அதை ஏன் கேக்கிறீர்! பாணெல்லாம் கேக் மாதிரி இனிக்குது. எங்கட டென்மார்க் கறுத்தப் பாணுக்கு ஏங்கிப்போனன். ஒரு பிளேட்டில வாறது இஞ்ச மூண்டு பேருக்குக் காணும். கோப்பி குறையக் குறைய வந்து ஊத்துவினம்.”

“ஆர் ஊத்துறது? டெபியோ?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். பிறகு வெடித்துச் சிரித்தான். “மனிசிக்கு எழுபது வயசப்பா! டிப்ஸ் கூட விழுமெண்டு எல்லாற்ற பில்லிலயும் இதயம் கீறுவா. என்னை ‘ஹனி’ எண்டு வேற கூப்பிட்டவ. நான் பயந்துபோனன். இஞ்ச பிரெடெரிசியாவில ஒன்பது வருசமாப் பக்கத்து வீட்டுக்காரன் ஹலோ சொல்லேல்லை!”

வேறு நாளென்றால் அவளும் சிரித்திருப்பாள். ஆனால் அவள் பில்லில் ஒரு வரி விடாமல் வாசித்திருந்தாள்.

“சரி, டெபியை விடுவம். ஆறு பில்லிலயும் ஆக்கள் இரண்டு எண்டு கிடக்கு. போன வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கும் சலாட்டும் உங்களுக்கு. பொரிச்ச மீன் ஆருக்கு?”

கோணேசனின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த பில்லை மெதுவாகக் கவிழ்த்து வைத்தான்.

“கொம்பனி ஆள்...”

“கொம்பனி ஆளோட ஆறு நாளும் வேலை முடிஞ்சாப் பிறகும் இருந்தனீங்களோ? என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.”

அவன் பார்க்கவில்லை. “சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன், திரேசா.”

“அப்ப சத்தியத்தை நீங்கள் வைச்சிருங்கோ. நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்.” அடுப்பை அணைத்தாள்.

அவன் எழுந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றான். அவளுடைய மீன் சட்டியைப் பார்த்தான்.

“உம்மைப் போலத்தான், தவக்கால வெள்ளியில இறைச்சி தொடமாட்டார் உம்மட அண்ணர்.”